காரீயச் சுவரும் முத்திரை ஓலையும்

முன்னொரு காலத்தில், பேர் மறந்துபோன ஒரு நாட்டில் ஓர் அரசர் இருந்தார். அவர் அரண்மனையில் தொட்டில் அறைச் சுவரின் பழைய காரீயச் சாயம் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் குட்டி இளவரசி ஒரு செதிலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"காரீயம் நஞ்சு, அரசே. அதன் தூசும் நஞ்சு" என்றார் வைத்தியர்.

அரசர் ஆடிப்போனார். குழந்தையை வேறு மாளிகைக்கு அனுப்பிவிட்டு ஆணையிட்டார்: "அரச முத்திரை பெற்ற குழு மட்டுமே இனிக் காரீயச் சாயத்தைச் சுரண்டலாம். மூன்று நாளில் அறை புதிதாக வேண்டும்!"

முத்திரை வழங்கும் பொறுப்பு மந்திரி கச்சிராயரிடம் இருந்தது. காரீயத் தூசுக்குத் தம்பியைப் பறிகொடுத்து, அதன்பின் வேலையைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் சாயக்காரர் பொன்னாண்டி வாசலில் காத்து நின்றார். மந்திரியோ தம் மைத்துனர் அழகப்பிள்ளைக்கு முத்திரை ஓலையை எழுதிக் கொடுத்துவிட்டார்.

அரசவை விகடர் வாமதேவர் சபையிலேயே கேட்டார்: "மந்திரியாரே, தங்கள் மைத்துனர் சுரண்டியைக் கையில் பிடித்ததுண்டா?"

"ஓலைதான் தகுதி. வேறொன்றும் வேண்டியதில்லை" என்ற கச்சிராயர், விகடர் மேல் தமக்கிருந்த நெடுநாள் பொறாமையைத் தீர்த்துக்கொள்ள வழி கண்டார். "அரசே, இந்த வேலையை இந்த விகடரே மேற்பார்வையிடட்டும். முத்திரையில்லாத கை சுவரில் பட்டால் இவரை நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

வாமதேவர் அழகப்பிள்ளையிடம் ஓலையை இரவல் கேட்டார். வேலையிலிருந்து தப்பினோம் என்று அவரும் மகிழ்ந்து கொடுத்துவிட்டார்.

மறுநாள் அரசர் வந்து பார்த்தால், சுவரோரம் ஒரு கோல் சாய்ந்திருக்கிறது. அதன் நுனியில் ஓலை. எதிரே சம்மணமிட்டு வாமதேவர்.

"என்ன செய்கிறீர்?"

"ஓலை சுரண்டட்டும் என்று காத்திருக்கிறேன், அரசே. தகுதி அதற்குத்தான் என்றார் மந்திரியார். விடிந்ததிலிருந்து அசையவே மாட்டேன் என்கிறது."

அரசர் அழகப்பிள்ளையை அழைத்தார். "நீர் எப்படிச் சுரண்டுவீர்?"

"துடைப்பத்தால் தட்டிவிட்டால் எல்லாம் பறந்துவிடும், பிரபு."

உடன் வந்திருந்த வைத்தியர் தலையில் கை வைத்தார்.

வாமதேவர் வாசலில் நின்ற பொன்னாண்டியை அழைத்து வந்தார். அரசர் அதையே கேட்டபோது அவர் தயங்கிச் சொன்னார்: "சாமி, முதல்ல தரையில துணி விரிப்போம். செவுத்த நனைச்சுத்தான் சொரண்டுவோம். வாயைக் கட்டிக்குவோம். குளிக்காம வீட்டுக்குள்ள போகமாட்டோம். புள்ளைங்க இருக்குல்ல."

அரசர் அந்த இடத்திலேயே பொன்னாண்டிக்கு முத்திரை வழங்கினார். "இனிக் கையைச் சோதித்த பிறகே ஓலை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுசோதனை. கச்சிராயரே, சோதிப்பவர் வைத்தியர், நீரல்ல."

பிறகு கோலில் தொங்கிய ஓலையைப் பார்த்தார். அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்து, தம் பட்டுச் சால்வையை எடுத்து வாமதேவருக்குப் போர்த்தினார்.

அழகப்பிள்ளை வேலை முடியும்வரை பொன்னாண்டிக்குத் தண்ணீர்க்குடம் சுமந்தார். அடுத்த ஆண்டு சோதனைக்கு வந்து, நேர்மையாகத் தேறினார்.