இறாலுக்கு மூணு மொட்டை

செத்த இறாலுக்கு யார் மொட்டை போடுவது என்று அண்ணன் தம்பி மூணு பேருக்கும் சண்டை.

"மூத்தவன் நான்தான்டா போடணும்" என்றான் ஏழுமலை.

"அப்பான்னாதான் மூத்தவன். அம்மான்னா கடைசிப் பையன். இது பொம்பளை இறால்" என்றான் கடைக்குட்டி தணிகாசலம்.

"அப்ப நடுவுல பொறந்தவன் யாருக்குத்தான்டா மொட்டை போடுறது?" என்று கோதண்டம் அழுதே விட்டான். பாவமாக இருந்ததால் மூணு பேருமே போட்டுக்கொண்டார்கள்.

இறால் என்றால் குழம்பு இறால் இல்லை. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் சிவப்பு இறால், பொடிசு. கொளத்தூரில் ஏழுமலை பொண்டாட்டி தேவகி அதை வளர்த்து விற்கிறாள். தொட்டியில் இருந்ததெல்லாம் ஒரே குடும்பம். குஞ்செல்லாம் வெளுத்துப் பிறந்தது. புது ரத்தம் வேண்டுமென்று அலைந்து திரிந்து ஒரே ஒரு பெண் இறால் வாங்கினாள். அன்றைக்கே தங்கச்சி வளைகாப்புக்கு அரக்கோணம் கிளம்ப வேண்டியிருந்தது.

"உடனே தொட்டியில கொட்டாதீங்க. லைட்டை அணைச்சிட்டு, பையோட மிதக்க விடுங்க. தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா பையில விடுங்க. பழகினப்புறம் இறாலை மட்டும் உள்ள விடுங்க. அது செத்துச்சு, நான் அரக்கோணத்துலயே இருந்துடுவேன்."

மூணு பேரும் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். லைட்டை அணைத்தார்கள். ஃபிரிட்ஜுக்குள்ளும் லைட் இருக்கிறதே, அதையும் அணைத்தார்கள். போனிலும் இருக்கிறது, அதையும்தான். ஏழுமலை விரலை நனைத்து நனைத்துச் சொட்டவிட்டான். நடுவில் தும்மித் தொலைத்தான்.

"ரெண்டு சொட்டு சேந்து விழுந்துடுச்சுடா!"

"ஒண்ணை வெளிய எடுண்ணா."

"இதுல ரெண்டாவது எதுடா?"

இந்த விசாரணையிலேயே பொழுது போய்விட்டது.

எப்படியோ இறால் தொட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அடியில் கிடக்கிறது. மீசை இருக்கிறது, வால் இருக்கிறது, அசைவு இல்லை. அது கழற்றிப்போட்ட ஓடு. வளரும் இறால் பழைய சட்டை மாதிரி ஓட்டைக் கழற்றும். இவர்களுக்கு அது எங்கே தெரியும்? கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்து, பால் ஊற்றி, மொட்டையும் போட்டு வந்து நின்றால், கோதண்டம் அலறினான்.

"அண்ணா, அது பாசி மேல உக்காந்து மேயுது!"

"ஆவிடா."

"ஆவிக்குக் கால் இருக்காதே. இதுக்கு வயித்துக்கடியில பூரா காலாத்தானே இருக்கு?"

ஏழுமலை ரொம்ப யோசித்தான். "அத்தனை காலும் மறையணும்னா நேரமாகும்ல?"

மூணு பேர் போனும் அணைந்தே கிடக்கிறதே என்று பதறி தேவகி வந்து இறங்கினாள். வாசலில் மூணு மொட்டை.

"ஐயோ! யாருய்யா போனது?"

"உன் இறாலு."

உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "அது ஓடு கழட்டியிருக்குய்யா! கழட்டினாத்தான் ஜோடி சேரும். பாரு, ஆம்பளைங்க எப்படி சுத்துதுன்னு. இன்னிக்குக் கல்யாணம்!" சந்தோஷமாக முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தால், தொட்டித் தண்ணியோடு புதுப் பெண் பக்கெட்டில் இருக்கிறது. சுற்றி மூணு மொட்டையும் காவல்.

"சாவு விழுந்த வீடு. வருஷம் திரும்பாம நல்ல காரியம் கூடாது" என்றான் ஏழுமலை.

"யாரு செத்தா? அதான் உசுரோட இருக்கே!"

"இருக்கட்டும். மொட்டை போட்டாச்சுல்ல?"

தேவகி வலையை எடுத்தாள். வலையில் நாலு ஆண் இறாலை அள்ளிப் பக்கெட்டில் விட்டாள், மேலே துணியைக் கட்டினாள், ஆட்டோவை நிறுத்தினாள்.

"கல்யாணம் அரக்கோணத்துல. பொண்டாட்டி வேணும்னா வந்து ஏறு."

ஏழுமலைக்குப் பொண்டாட்டி வேணும். கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. செருப்பில் ஒரு காலைக்கூட விட்டான். அப்புறம் மண்டையைத் தடவிப் பார்த்தான்.

"ஏறுய்யா!"

"பதினாறு முடியாம நான் வரக் கூடாதும்மா" என்று ஆட்டோவைப் பார்த்துக் கும்பிட்டான். "மாப்பிள்ளைங்க நாலு பேரையும் கேட்டதாச் சொல்லு."

ஏறவில்லை.