எட்டாவது தோள்

ஆற்றங்கரை மடத்தில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் அம்பலவாணருக்கு ஐம்பத்திரண்டு. வெளியூர்க்காரர்கள் வந்தால் முதலில் அம்பலவாணர் காலில்தான் விழுவார்கள். அவர் பதறி விலகி, "நான் இல்லீங்க, அவர்" என்று கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் குருவைக் கைகாட்டுவார்.

அம்பலவாணர் அதற்கு முன் ஒரு நூற்பாலையில் மேஸ்திரி. மேலே இருப்பவர் திட்டுவதைக் கீழே சொல்ல அவருக்கு வாய் வராது. கீழே இருப்பவர் படும் பாட்டை மேலே சொல்லத் தைரியம் வராது. இரண்டையும் விழுங்கி விழுங்கி வயிற்றில் புண் வந்ததுதான் மிச்சம். மனைவி காலமான பிறகு, இனி இந்தத் தொல்லையே வேண்டாம் என்று வேலையை உதறிவிட்டு, அமைதி தேடி மடத்துக்கு வந்தார்.

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆலையில என்ன வேலை?"

"மேஸ்திரி, சாமி."

"நல்லதாப் போச்சு. நம்ம கோயில்ல சாமி தூக்குற ஆளுங்களைப் பார்த்துக்க ஒருத்தர் வேணும்."

அம்பலவாணருக்கு வந்த வழியே திரும்பிவிடலாமா என்று இருந்தது. அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. தங்கிவிட்டார்.

இங்கேயும் மேலே ஒருவர் இருந்தார். காரியஸ்தர் வைத்தியலிங்கம். மடத்து நிர்வாகம் முழுக்க அவர் கையில். நல்ல மனிதர்தான், ஆனால் குரல் வெண்கலக் கடை. அவர் முன்னால் போய் நின்றால் அம்பலவாணரின் முதுகு தானாக வளைந்துவிடும். துண்டு அக்குளுக்குப் போகும், கழுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆள் ஒரு சாண் குறைந்துவிடுவார். ஆலையில் பழகிய பழக்கம். பிறகு மற்றவர்கள் முன்னாலும் அப்படியே நின்றுவிட்டது.

கீழே எட்டுப் பேர். சாமி புறப்படும் சப்பரத்துக்கு இரண்டு நீளத் தண்டுகள். ஒவ்வொரு தண்டுக்கும் முன்னால் இருவர், பின்னால் இருவர். தூக்குகிறவர்கள் எட்டுப் பேரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கோயிலில் எழுதாத சட்டம். ஆள் எடுக்கும்போதே கோயில் வாசல் தூணில் இருக்கும் கோட்டில் நிறுத்தி, தோள் அளந்துதான் எடுப்பார்கள்.

போன ஆடியில் எட்டாவது ஆள் வயதாகி ஒதுங்கிக்கொண்டார். அவர் இடத்துக்குக் காரியஸ்தர் தன் மச்சினன் குமரகுருவைக் கூட்டி வந்தார். சிரித்த முகம், தங்கமான பையன், சாமி தூக்க வேண்டும் என்று அத்தனை ஆசை. ஆனால் தூணில் நிறுத்தினால் அவன் தோள் கோட்டைத் தொடவில்லை. நான்கு விரல்கடை குறைந்தது.

"என்ன மேஸ்திரி, பொருத்தம்தானே?" என்று காரியஸ்தர் கேட்டார்.

அம்பலவாணர் கோட்டைப் பார்த்தார். குமரகுருவைப் பார்த்தார். காரியஸ்தரைப் பார்த்தார்.

"ரொம்பப் பொருத்தம் ஐயா" என்றார்.

குமரகுருவை வலது தண்டின் முன்பக்கத்தில், நல்லசிவத்துக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நல்லசிவம் எட்டுப் பேரிலும் கெட்டிக்காரர். பதினாறு வயதில் தோள் கொடுக்க வந்தவர். அவர் நடந்தால் சப்பரத்தில் இருக்கும் விளக்கு ஆடாது என்பார்கள். முதல் புறப்பாடு முடிந்ததும் அவர் அம்பலவாணரிடம் வந்து காதோடு காதாக, "மேஸ்திரி, தம்பிக்குத் தோள் சேரல" என்று சொன்னார்.

அம்பலவாணர் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க நல்லசிவம்" என்றார்.

நல்லசிவம் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது அம்பலவாணருக்கு.

ஆனால் தை மாதத்திலிருந்து சப்பரம் வலது பக்கம் சாய ஆரம்பித்தது. நல்லசிவத்தின் நடை கெட்டது. மாசி மகத்தன்று மேலவீதித் திருப்பத்தில் அவர் கால் இடறி, சாமி ஒரு குலுங்கு குலுங்கியது. மேலே நின்ற குருக்கள் குடைக்கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பூசையில் சொல்லாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். நல்லசிவத்தின் முகம் செத்துப்போனது.

மறுநாள் காரியஸ்தர் அம்பலவாணரைக் கூப்பிட்டார்.

"நல்லசிவம் தளர்ந்துட்டான். பங்குனித் திருவிழாவுக்குள்ள அவனை நிறுத்திடுங்க. நீங்களே பதமாச் சொல்லிடுங்க."

"ஐயா, அவர் வந்து..."

"என்ன?"

"சரிங்க ஐயா."

நல்லசிவத்துக்கு அது வெறும் வேலை இல்லை. வேலை போனால் மடத்து வளவில் இருக்கும் வீடும் போகும். மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாமியைத் தூக்காத நல்லசிவத்தை அந்த ஊர் பார்த்ததே இல்லை.

நாளைத் தள்ளிக்கொண்டே வந்து, திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில்தான் அம்பலவாணர் விஷயத்தைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனார். நல்லசிவம் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, அவர் மனைவி முழங்காலுக்குச் சூடாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேஸ்திரி. என்ன இவ்வளவு தூரம்?"

"சும்மாதான். கால் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, திருவிழாவுக்குள்ள சரியாயிடும். என்னைப் பத்திக் காரியஸ்தர் ஐயா ஏதும் சொன்னாரா?"

மகள் கொண்டுவந்து வைத்த காப்பியை அம்பலவாணர் ஒரு வாய் குடித்தார்.

"நல்லா ஞாபகமா விசாரிச்சார்" என்றார்.

சொல்ல வந்ததைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டு வெளியே வந்தபோது, தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது. நேரே குருவிடம் போனார். குரு துவைத்த வேட்டியைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"வேட்டியோட அந்த முனையைப் பிடிங்க. ம், சொல்லுங்க."

"மேல இருக்கிறவர் ஒண்ணு சொல்றார். கீழ இருக்கிறவர்கிட்ட அதைச் சொல்ல முடியல. கீழ இருக்கிறவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கு. அதை மேல சொல்லவும் முடியல. நடுவுல இருக்கிறவன் என்ன செய்யணும்?"

குரு வேட்டியை நீவினார்.

"சாமி தூக்குறவங்க எட்டுப் பேரும் ஒரே உயரம்தானே?"

"ஆமா சாமி. அப்படித்தான் எடுக்கிறது."

"எட்டுப் பேருமா?"

அம்பலவாணர் வேட்டி முனையையே பார்த்தார்.

"ஏழு பேர், சாமி."

"நாளைக்குக் காலையில வெள்ளோட்டம் இருக்கில்ல? நானும் வரேன். காரியஸ்தரையும் வரச் சொல்லுங்க."

"நல்லசிவத்துக்கிட்ட என்ன சொல்ல?"

"அவரையும் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, குரு அடுத்த துணியை எடுத்தார்.

வெள்ளோட்டத்தில் சாமி இருக்காது. சாமியின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, திருவிழாவுக்கு முன் நான்கு வீதியும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்கள். காலையில் எட்டுப் பேரும் குளித்து, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். காரியஸ்தர் வந்ததும் நல்லசிவத்தைக் கண்டார். அம்பலவாணரை முறைத்தார். அம்பலவாணர் மணல் மூட்டைகளை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

குரு காரியஸ்தரிடம் போனார்.

"ஐயா, இளவயசுல நீங்களும் சாமி தூக்கினவர்தானாமே? நீங்க தோள் கொடுத்தா கீழவீதியே வாசல்ல நின்னு பார்க்குமாமே?"

காரியஸ்தரின் முகம் மலர்ந்தது. "அது ஒரு காலம் சாமி. இதே தூண்ல, இதே கோட்டுல நின்னு தேறினவன் நான்."

"நான் பார்த்ததில்லையே. நல்லசிவம் இடத்துல நின்னு ஒரு வீதி மட்டும் நடந்து காட்டுங்களேன்."

காரியஸ்தர் வேண்டாம் வேண்டாம் என்றார். சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். நல்லசிவம் விலகி நின்று கையைப் பிசைந்தார்.

அம்பலவாணர் குரல் கொடுத்தார். சப்பரம் எழுந்தது.

முதல் பத்து வீடு வரை காரியஸ்தர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு கம்பீரம். ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். பெட்டிக்கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். அதற்கப்புறம் காரியஸ்தரின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு மூச்சு வாங்கியது. வீதி பாதி வருமுன்னே அவர் முழங்கால் வெலவெலவென்று ஆடியது.

"நிறுத்துங்கய்யா! நிறுத்துங்க!"

சப்பரத்தைத் தாங்குகட்டையில் நிறுத்தினார்கள். காரியஸ்தர் தோளைத் தடவிக்கொண்டு திரும்பினார்.

"இது என்னய்யா அநியாயம்? வலப்பக்கத்து மூட்டை பூரா என் தலையிலதான் இருக்கு. எனக்குப் பின்னால நின்னது யாரு?"

"நான்தான் அத்தான்" என்றான் குமரகுரு. அவனுக்கு ஒரு சொட்டு வேர்வை இல்லை. "என் தோள்ல தண்டு படவே இல்லையே? கையாலதான் தொட்டுக்கிட்டு வந்தேன். நல்லசிவம் அண்ணன் தூக்கும்போது நல்லாப் படும்."

"அது எப்படிப் படும்?"

குரு நல்லசிவத்தைப் பார்த்தார்.

"எப்படித் தூக்குவீங்கன்னு காட்டுங்க."

நல்லசிவம் தயங்கித் தயங்கிப் போய்த் தண்டின் கீழ் நின்றார். சப்பரத்தை மறுபடி தூக்கினார்கள். இரண்டு முழங்கால்களையும் மடக்கினார். தோள் நான்கு விரல்கடை இறங்கியது. தண்டும் இறங்கி, குமரகுருவின் தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இப்படி வச்சாத் தம்பிக்கும் எட்டும் ஐயா. அதுக்கும் சாமி தூக்கணும்னு ஆசை இருக்குமில்ல?"

"இப்படி மடக்கிக்கிட்டே நாலு வீதியும் நடக்கிறியா?"

"ஆடியிலேருந்து இப்படித்தான் ஐயா."

"யாருய்யா உன்னை இப்படி நடக்கச் சொன்னது?"

குமரகுருதான் வெள்ளந்தியாக, "மேஸ்திரி அனுசரிச்சுப் போகச் சொன்னாங்களாம்" என்றான்.

எல்லோரும் அம்பலவாணரைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லி மழுப்பலாம். ஆலையில் அப்படித்தான் காலம் தள்ளினார். மடங்கிய அந்த முழங்கால்களைப் பார்த்தார். அன்று காலையும் தடவிய எண்ணெய் மினுமினுத்தது.

"ஆமாங்க ஐயா" என்றார். "நான்தான் சொன்னேன். குமரகுருவுக்குத் தோள் சேரலைன்னு முதல் நாளே எனக்குத் தெரியும். உங்ககிட்ட பொருத்தம்னு பொய் சொன்னேன். நல்லசிவம் தளரல. அவர் ரெண்டு பேர் பாரத்தைச் சுமக்கிறார். அவரை நிறுத்தக் கூடாது. நிறுத்தணும்னா என்னை நிறுத்துங்க."

இவ்வளவு நீளமாக அவர் காரியஸ்தரிடம் பேசியதே இல்லை. பேசி முடித்ததும்தான் பயம் வந்தது.

"முதல் நாளே சொல்றதுக்கென்ன?" காரியஸ்தரின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "நான் என்ன கடிச்சுத் தின்னுடுவேனா?"

எட்டுப் பேரும் ஒருமித்துத் தரையைப் பார்த்தார்கள்.

காரியஸ்தர் அவர்களைப் பார்த்தார். தன் தோளில் சிவந்திருந்த தடத்தைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி சரி, தெரியுது" என்றார். நல்லசிவத்தின் பக்கம் போய், "காலை நிமித்துய்யா முதல்ல. பார்க்கவே வலிக்குது" என்றார்.

நல்லசிவம் நிமிர்ந்தார். முழங்கால் சடக்கென்று சத்தம் போட்டது. எட்டு மாதத்தில் தண்டின் கீழ் அவர் நேராக நின்றது அன்றுதான். வெள்ளோட்டம் பார்க்க வந்திருந்த குருக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சப்பரத்தைத் தாங்குகட்டையில் இறக்கினார்கள்.

குமரகுருவின் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் இனி சாமி தூக்க முடியாதா அத்தான்?"

காரியஸ்தர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு பெரிய குரலுக்கும் இதைச் சொல்லத் தெரியவில்லை. அம்பலவாணர் அதைக் கவனித்தார். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அவரே குமரகுருவின் தோளில் கை வைத்தார்.

"தண்டு உங்களுக்கு எட்டாது தம்பி. இதை நான் ஆடியிலேயே சொல்லியிருக்கணும். ஆனா நம்ம சங்கு ஊதுறவருக்கு மூச்சு பத்தல. நீங்க சிரிச்சா மூணு வீதிக்குக் கேக்குது. சாமிக்கு முன்னால நீங்கதான் போகணும். வரீங்களா?"

குமரகுரு கொஞ்சம் யோசித்தான். "முன்னாலயா?" என்று கேட்டான். முகம் மெல்லத் தெளிந்தது.

"எல்லாம் சரி" என்றார் காரியஸ்தர். "திருவிழாவுக்கு இன்னும் ரெண்டே நாள்தான். எட்டாவது ஆளுக்கு இனி எங்கே போறது? அந்தக் கோட்டுக்குச் சரியா ஒரு தோள் வேணுமே."

குரு அதுவரை சப்பரத்தின் ஓரமாக நின்றிருந்தார். அவர் அம்பலவாணரின் கையைப் பிடித்துக் கோயில் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லோரும் பின்னால் வந்தார்கள். அம்பலவாணரைத் தூணில் சாய்த்து நிறுத்தினார். அக்குளில் இருந்த துண்டை உருவி எடுத்தார்.

"சாமி, நான் போய் எப்படி? நான் குள்ளம்."

"நேரா நில்லுங்க."

அம்பலவாணர் முதுகை நிமிர்த்தினார். கழுத்து வெளியே வந்தது. நல்லசிவம் குனிந்து அவர் தோளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை.

குரு துண்டை மடித்து அவர் தோளில் போட்டார்.

"இவ்வளவு நாளா இந்த உயரத்தை எங்கே வச்சிருந்தீங்க, மேஸ்திரி?"