இருபத்து மூன்று கூடை மண்

கொக்கரணை உழவர் சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்து அறிவு எவ்வளவு என்று இதுவரை யாரும் அளந்ததில்லை.

பூரணத்தம்மாளின் மூன்று ஏக்கர் நெல்லில் புகையான் பூச்சி விழுந்துவிட்டது. அன்றைக்கே மருந்தடிக்காவிட்டால் வைக்கோல்கூட மிஞ்சாது. அதற்காக ஆளில்லா விமானம் ஒன்று ஒரே ஒரு நாளைக்கு வந்தது. எடை இருபத்தாறு கிலோ. தரையில் இருந்தபடி அதை ஓட்ட, திரையும் ஏரியலும் வைத்த பெட்டி ஒன்றும் வந்தது.

பயிற்சியாளர் பெட்டியை வரப்பில் வைத்து மூன்று விதி சொன்னார். "பெட்டிக்கும் விமானத்துக்கும் நடுவுல மரம் இருக்கக் கூடாது. பெட்டிக்காரர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சார்ஜ் குறைஞ்சா, கிளம்பின இடத்துக்கே அது தானா வந்து இறங்கிடும்." சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினார்.

நடுவில் இரண்டு முருங்கை மரங்கள் நின்றன.

"பெட்டியை நாலடி தள்ளி வச்சா என்ன?" என்றார் பிச்சைக்கண்ணு.

சங்கத் தலைவர் உலகநாதன் யோசித்தார். "பெட்டியை வச்சவரு பஸ்ஸுல போயிட்டாரு. அவரைக் கேக்காமத் தொடக் கூடாது. மரத்தை வச்சவரு யாரு?"

"எங்க மாமனாரு. செத்து ஒம்பது வருசம் ஆச்சு" என்றார் பூரணத்தம்மாள்.

"அப்ப கேக்க வேண்டியதில்லை."

இரண்டு மரங்களும் விழுந்தன. விமானம் பக்கத்துத் தரிசிலிருந்து கிளம்பி மருந்தடிக்கத் தொடங்கியது. கோவிந்தசாமி திரைமுன் உட்கார்ந்தார்.

இரண்டு ஏக்கர் முடிவதற்குள் தலைவருக்கு ஒரு கவலை வந்துவிட்டது. சார்ஜர் இருப்பது அவர் வீட்டில். வயலிலிருந்து அறுநூற்று நாற்பது தப்படி.

"இருபத்தாறு கிலோவை யாருய்யா சுமக்கிறது?"

"ஏன் சுமக்கணும்?" என்றார் பிச்சைக்கண்ணு. "கிளம்பின இடத்துக்குத்தானே வரும்? அந்த இடத்தையே உங்க கொல்லைக்குக் கொண்டுபோயிட்டா?"

நால்வரும் அவரைக் கட்டிக்கொண்டார்கள். கோவிந்தசாமி மட்டும் திரையைப் பார்த்தபடியே கட்டிக்கொண்டார்.

விமானம் கிளம்பிய இடத்தை முழங்கால் ஆழம் வெட்டினார்கள். இருபத்து மூன்று கூடை மண். கூடைக்குப் பதினைந்து கிலோ வீதம் முந்நூற்று நாற்பத்தைந்து கிலோ. இருபத்தாறு கிலோவைச் சுமக்காமல் தப்பித்த மகிழ்ச்சியில் நால்வரும் அதைத் தலைவர் வீட்டுக் கொல்லையில் கொட்டி, சுற்றி நின்று வானத்தைப் பார்த்தார்கள். அங்கே தரிசில் வெட்டிய பள்ளத்தில் வாய்க்கால் தண்ணீர் ஊறியது.

கோவிந்தசாமி போன் செய்தார். "தலைவரே, இறங்கிடுச்சுன்னு திரையில வந்துருச்சு!"

"இங்க வரலையேப்பா."

"நல்லாப் பாருங்க. என் முதுகுக்குப் பின்னால கூட தொபுக்குன்னு சத்தம் கேட்டுது."

"திரும்பிப் பாத்தியா?"

"கண்ணை எடுக்கக் கூடாதே!"

அதற்குள் பூரணத்தம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அடப் பாவிகளா! அது நீங்க வெட்டின பள்ளத்துல தலைகுப்புற முங்கிக் கெடக்கு!"

நால்வரும் மண்ணைக் கிளறினார்கள், கூடைகளை எண்ணினார்கள். இருபத்து மூன்று சரியாக இருந்தது.

தலைவர்தான் நெற்றியில் அறைந்துகொண்டார். "புத்தி கெட்டுப் போச்சேய்யா! மண்ணைக் கொண்டுவந்தோம், பள்ளத்தை அங்கேயே விட்டுட்டோமே! அது பள்ளத்தைத் தேடிப் போயிருக்கு."

உடனே கயிறும் இரண்டு மூங்கிலும் எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார்கள்.

"அண்ணே, மிச்சம் ஒரு ஏக்கரைப் பூச்சி தின்னுதே!" என்று கத்தினார் பூரணத்தம்மாள்.

"பொறும்மா" என்றார் தலைவர். "முதல்ல பள்ளம் வீடு வந்து சேரட்டும்."