குமிழியின் கருப்பு ஷூ

மருதங்காட்டின் நடுவே ஓர் ஓடை. அதற்கு இந்தக் கரையில் சின்னப் பள்ளி இருந்தது. அந்தக் கரையில், பாறைச் சரிவுக்கு மேலே, பெரிய பள்ளி இருந்தது. நீர்நாய்களில் யாரும் அதுவரை ஓடையைத் தாண்டிப் படிக்கப் போனதில்லை. குமிழி என்ற நீர்நாய்க் குட்டிக்குத்தான் முதன்முதலாக அங்கே இடம் கிடைத்தது.

"அம்மா! என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்!" என்று தண்ணீரிலேயே குட்டிக்கரணம் அடித்தாள் குமிழி.

அவளுடைய அம்மா தாழை 'ஆ' என்று வாயைத் திறந்தாள். கவ்வியிருந்த மீன் நழுவி ஓடிவிட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்!

சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் பயம் வந்தது. பெரிய பள்ளி கண்டிப்பான பள்ளி. அதன் தலைமையாசிரியை ஒரு வரையாடு. எல்லாரும் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். அவர் ஒரு பார்வை பார்த்தால் சிறுத்தைக் குட்டிகூட வாலை மடக்கிக்கொண்டு உட்காரும்.

பள்ளி திறப்பதற்கு முன் பெரிய டீச்சர் ஒரு பாறை மேல் ஏறி நின்று, வந்திருந்த பெற்றோர்களிடம் பேசினார்.

"வழியெல்லாம் கல்லும் முள்ளும். போன வருஷம் ஒரு குட்டியின் காலில் ஏறிய முள் சீழ் பிடித்து, அது படிப்பையே விட்டுவிட்டது. அதனால் எல்லாரும் ஷூ போட்டு வர வேண்டும். விரலை மூடும் ஷூவாக இருக்க வேண்டும். ஒருவர் மணி கட்டி மினுக்குவதும், இன்னொருவர் அதைப் பார்த்துக் கூனிக் குறுகுவதும் இங்கே வேண்டாம். எல்லாருக்கும் கருப்பு. அவ்வளவுதான்!"

அன்று தாழையால் போக முடியவில்லை. மீன் கூட்டமாக வரும் நாள் அது. விட்டால் வாரம் முழுக்கப் பட்டினி. அதனால் கூட்டத்துக்குப் போய் வந்த பக்கத்துப் புதர்க் காட்டுக்கோழியிடம் விசாரித்தாள்.

"பெரிய டீச்சர் என்ன சொன்னார் அக்கா?"

"ஐயோ, அதை ஏன் கேட்கிறாய்!" என்று கோழி இறக்கையை அடித்துக்கொண்டது. "ரொம்பக் கண்டிப்பு! கருப்பு ஷூ. விரல் தெரியக் கூடாது. மினுக்கு கூடாது. வீட்டை விட்டு இறங்கினால் திரும்பி வரும்வரை கழற்றவும் கூடாதாம்!"

கடைசியாகச் சொன்னதைப் பெரிய டீச்சர் சொல்லவே இல்லை. கோழி பொய் சொல்லவும் இல்லை. பயத்தில் கேட்டதால் அதற்கு அப்படிக் கேட்டிருந்தது.

"கழற்றவே கூடாதா?" என்று தாழை மெல்லக் கேட்டாள்.

"பெரிய பள்ளி என்றால் சும்மாவா?"

தாழை மகளை அழைத்துக்கொண்டு ஆலமரத்தடி ஷூக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு குரங்கு. மரப்பட்டையை ஊறவைத்து, தட்டி, தைத்து, விதவிதமாக ஷூ செய்து விழுதுகளில் தொங்கவிட்டிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க! பாப்பா பெரிய பள்ளிக்கா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே!"

குமிழி கண்ணை அகல விரித்துச் சுற்றிலும் பார்த்தாள். பச்சை ஷூ, பாசிமணி ஷூ, பஞ்சு வைத்த ஷூ! அவற்றை அவள் தொடவில்லை. அவளுக்கும் விதி தெரியும். ஓரமாக ஒரு ஜோடி அகலக் கருப்பு ஷூ தொங்கியது. வாத்துக்காகச் செய்து, வாத்து வாங்காமல் போனது. காலை உள்ளே விட்டாள். விரல்களுக்கு நடுவே இருந்த மெல்லிய தோல் விரிந்து சுகமாக உட்கார்ந்தது.

"அம்மா, இது! இதுதான்! கால் சிரிக்கிறது பாருங்கள்!"

குரங்கு தலையைச் சொறிந்தார். அகல ஷூ ஒரு ஜோடிதான் இருந்தது. நீர்நாய்க்கோ காலுக்கு ஒன்றாக இரண்டு ஜோடி வேண்டும். இன்னொரு ஜோடி செய்யப் பட்டை ஊற வேண்டும், நாளாகும். அதற்குள் வேறு கடைக்குப் போய்விட்டால்? கடையின் பின்னாலோ, மான்களுக்குச் செய்து மிஞ்சிப்போன ஒடுக்கமான ஷூ ஒரு குவியல் கிடந்தது.

"அடடா, அது ஆகாதும்மா!" என்றார். "அகல ஷூவைப் பெரிய டீச்சர் உள்ளேயே விடமாட்டார். கூர்மையாக, ஒடுக்கமாக, விறைப்பாக இருக்க வேண்டும். அதுதான் அந்தப் பள்ளி ஷூ. போன வருஷம் ஒரு குட்டியை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே போனது, பாவம்!"

அப்படி ஒரு குட்டியே கிடையாது.

தாழையின் மீசை நடுங்கியது. தன் மகள் வாசலில் அழுதுகொண்டு நிற்பது கண்ணெதிரே தெரிந்தது. எல்லாரும் பார்த்து, 'நீர்நாய்க்கு எதற்குப் பெரிய பள்ளி?' என்று சிரிப்பதும் காதில் கேட்டது.

"அந்த ஒடுக்கமானதையே கொடுங்கள்" என்றாள்.

"அம்மா, வலிக்கிறது!"

"போடப் போடச் சரியாகிவிடும் கண்ணு."

வெயிலில் காயவைத்த ஒரு பெரிய கெளுத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நான்கு காலுக்கும் நான்கு ஒடுக்கமான ஷூக்களைக் கொடுத்தார் குரங்கு. அவருக்கு மீன் பிடிக்காது. ஆனால் மீனைக் கொடுத்துப் பூனையிடம் வாழைத்தார் வாங்கத் தெரியும்!

பள்ளி வாசலில் வாட்ச்மேனாக ஒரு முள்ளம்பன்றி நின்றார். ஒவ்வொருவர் காலையும் குனிந்து பார்த்தார். குமிழியின் கால்களைப் பார்த்ததும் முட்களைச் சிலிர்த்துப் பாராட்டினார்.

"பலே! இதுதான் ஷூ! போ உள்ளே!"

ஷூவைப் பார்த்தவர் அவள் நொண்டுவதைப் பார்க்கவில்லை.

குமிழிக்குப் பள்ளி மிகவும் பிடித்திருந்தது. மேகத்தின் நிறத்தை வைத்து மழையைச் சொல்லும் பாடத்தில் அவளே முதலாவதாக வந்தாள். ஆனால் பாடம் நடக்கும்போது பாதி மனம் காலிலேயே இருந்தது. விரல்களுக்கு நடுவே இருந்த தோல் கிழிந்துவிட்டது. ஷூவுக்குள் ஈரமாக இருந்தது. அது வியர்வை இல்லை, ரத்தம் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. 'பள்ளியே வேண்டாம், வீட்டிலேயே இரு' என்று அம்மா சொல்லிவிட்டால் என்ன செய்வது? வீட்டுக்கு வந்ததும் சேற்றுக்குள் காலைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

காலையில் தாழை கேட்பாள்: "ஷூ இப்போது சரியாகிவிட்டதா கண்ணு?"

"சரியாகிவிட்டது அம்மா."

இன்னொன்றும் நடந்தது. ஓடையை அவள் நீந்திக் கடப்பதே இல்லை. ஷூவைக் கழற்றக் கூடாதே! அதனால் முயல்களோடு வரிசையில் நின்று, ஓடையின் குறுக்கே போட்டிருந்த கற்கள் மேல் ஒவ்வொன்றாகக் கால் வைத்துக் கடந்தாள். கீழே ஓடும் தண்ணீரை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே போவாள்.

ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் மேற்கே மேகம் கருத்துத் திரண்டது. குமிழிக்கு உடனே புரிந்துவிட்டது. "மலைமேல் மழை கொட்டுகிறது. ஓடையில் தண்ணீர் வரும்! சீக்கிரம் போய்விடலாம்!" என்று கத்தினாள்.

எல்லாரும் ஓடினார்கள். ஆனால் தண்ணீர் அவர்களைவிட வேகமாக வந்தது. பாதிக் குட்டிகள் ஓடையைக் கடந்துவிட்டன. பஞ்சு என்ற முயல்குட்டி நடுக்கல்லில் நின்றபோது, செம்மண் வெள்ளம் புரண்டு வந்து அவனை அடித்துக்கொண்டு போனது.

"பஞ்சு! பஞ்சு!"

குமிழி யோசிக்கவே இல்லை. குதித்துவிட்டாள்.

குதித்த பிறகுதான் தெரிந்தது. பின்கால்களை விரித்து உதைத்தால்தான் நீர்நாய் நீந்த முடியும். விரிக்க முடியவில்லை! விறைத்த பட்டைக்குள் விரல்கள் கட்டுண்டு கிடந்தன. ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து கீழே இழுத்தது. தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வளர்ந்த குமிழி, முதல்முறையாகத் தண்ணீரில் மூச்சுத் திணறினாள்.

குட்டிகளை வழியனுப்ப வந்திருந்த பெரிய டீச்சர் கரையில் நின்று இதைப் பார்த்தார். பாறையில் தாவத் தெரிந்த அவருக்கு வெள்ளத்தில் நீந்தத் தெரியாது. கரையோடு கரையாக ஓடிக்கொண்டே கத்தினார்.

"குமிழி! ஷூவைக் கழற்று!"

தண்ணீருக்கு மேலே ஒரு மூக்கு தெரிந்தது. "கழற்றக் கூடாதே டீச்சர்!"

"யார் சொன்னது? கழற்று! கழற்றி எறி!"

குமிழி உடம்பை வளைத்தாள். பல்லால் கடித்து ஒரு பின்கால் ஷூவைப் பிய்த்தாள். அடுத்ததையும் பிய்த்தாள். இரண்டும் சுழலில் போய் மறைந்தன. அவ்வளவுதான்! ஒரே உதையில் பாய்ந்தாள். வேர் ஒன்றில் சிக்கிக் கண் சொருகிக் கிடந்த பஞ்சுவின் பிடரியைக் கவ்விக் கரைக்கு இழுத்து வந்தாள்.

பஞ்சு தண்ணீரைக் கக்கினான். தும்மினான். பிறகு அழுதான். அழுகைச் சத்தம் கேட்டதும்தான் எல்லாருக்கும் உயிர் வந்தது.

அதற்குள் வெள்ளச் சத்தம் கேட்டுத் தாழை நீந்தி வந்துவிட்டாள். மகள் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் பெரிய டீச்சர் நிற்பதையும் பார்த்தாள். மகளின் பின்கால்கள் வெறுமையாக இருந்தன.

"ஷூ எங்கேடி?" என்றாள்.

அதுதான் அவள் வாயில் முதலில் வந்தது. சொன்ன பிறகே அந்தக் கால்களைச் சரியாகப் பார்த்தாள். விரல்களுக்கு நடுவே தோல் நார் நாராகக் கிழிந்து தொங்கியது. தாழை ஒரு காலை மெல்லக் கையில் எடுத்தாள்.

"சரியாகிவிட்டது என்றாயே கண்ணு... தினமும் சொன்னாயே..."

பெரிய டீச்சரும் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இவ்வளவு ஒடுக்கமான ஷூவை ஏன் வாங்கினீர்கள்?"

"அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதாக..." என்று இழுத்தாள் தாழை.

"கருப்பு என்றேன். விரலை மூட வேண்டும் என்றேன். மினுக்கு வேண்டாம் என்றேன். ஒடுக்கம் என்று நான் சொல்லவே இல்லையே! கழற்றக் கூடாது என்றும் சொல்லவில்லையே! முள் குத்தாமல் இருக்கத்தானே ஷூ? தண்ணீரில் ஏது முள்? ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா?"

தாழை தலையைக் குனிந்துகொண்டாள். "கேட்கப் பயமாக இருந்தது டீச்சர். கேட்டால், 'இதுகூடத் தெரியாதவளின் பெண்ணை ஏன் சேர்த்தோம்' என்று நினைப்பீர்களோ என்று..."

பெரிய டீச்சர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். அவரைச் சுற்றி நின்ற குட்டிகள் எல்லாம், கேள்வி கேட்டுவிடுவாரோ என்று அப்போதும் ஓரடி தள்ளியே நின்றிருந்தன. அதை அன்றுதான் அவர் கவனித்தார்.

மறுநாள் தாழை, மீதி இரண்டு ஷூக்களை எடுத்துக்கொண்டு, குமிழியையும் அழைத்துக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போனாள். இந்தமுறை அவள் மீசை நடுங்கவில்லை.

"போன வருஷம் வாசலில் அழுத குட்டி யார்? பெயரைச் சொல்லுங்கள்!"

குரங்கு விழுதைப் பிடித்தார், விட்டார், கொட்டாவி விட்டார். ஒரு பெயரும் வரவில்லை. கடையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. "நான்... எல்லாரும் சொன்னதைத்தான் சொன்னேனம்மா..." என்று முனகினார். அன்றே புதுப் பட்டையை ஊறப்போட்டு, குமிழியின் காலைத் தரையில் வைத்து அளவெடுத்து, அகலமான கருப்பு ஷூ தைக்கத் தொடங்கினார்.

காயம் ஆறும்வரை குமிழி வெறுங்காலோடு பள்ளிக்கு வந்தாள். ஓடையை நீந்திக் கடந்தாள். பாறைச் சரிவில் பெரிய டீச்சரே அவளைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார். வாட்ச்மேன் முள்ளம்பன்றிக்கு அவளை விடுவதா, நிறுத்துவதா என்று தெரியவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பள்ளி கூடியதும் பெரிய டீச்சர் பாறை மேல் ஏறினார். எப்போதும்போல் அதட்டவில்லை.

"ஷூ போட வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கும். முள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நான் ஒன்றை விட்டுவிட்டேன். கஷ்டமாக இருந்தால் என்னிடம் வந்து சொல்லலாம் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. இப்போது கேட்கிறேன். யாருக்கெல்லாம் ஷூ கடிக்கிறது?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கரடிக்குட்டி ஒரு காலைத் தூக்கியது. நகம் மடங்கி வீங்கியிருந்தது. அதைப் பார்த்து உடும்புக்குட்டி தூக்கியது. பிறகு கீரி, ஆமை, பஞ்சு என்று பாதிப் பள்ளி காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

எல்லாருக்கும் கடைசியாக, வாசலில் நின்றிருந்த முள்ளம்பன்றி, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, தன்னுடைய முன்காலையும் மெதுவாகத் தூக்கினார்.

விதிக்குக் கட்டுப்படுவது நல்லது. ஆனால் அது கடிக்கும்போது பயப்படாமல் வாய் திறந்து கேட்பதும், கேட்பவருக்குக் காது கொடுப்பதும் அதைவிட நல்லது.