நனைந்த முடிச்சு

மலையடியில் பெண் துறவியர் நடத்திய பள்ளி ஒன்று இருந்தது. அதன் தலைவியைக் குரத்தியார் என்பார்கள். அவருடைய மாணவி காரிநங்கைக்கும் தலை நரைத்துவிட்டது. சொற்களின் வேரைத் தேடுவதே அவள் தவம்.

ஆறு ஊருக்குள் புகுந்த மறுநாள் காலையில் அவள் கேட்டாள்:

"தாயே, உடையின் முடிச்சு அவிழ்கிறது என்கிறோம். மொட்டு விரிந்தாலும் அவிழ்ந்தது என்கிறோம். சோற்றுப் பருக்கைக்கும் அவிழ் என்றே பெயர். இவற்றுள் எது முதல்?"

"உள்ளே வேம்பி ஈரத்தோடு கிடக்கிறாள். போய் உடை மாற்றிவிடு" என்றார் குரத்தியார்.

வெள்ளத்தில் மிதந்து வந்தவளை விடியலில்தான் கரையேற்றியிருந்தார்கள். மகனை இடுப்போடு சேர்த்து முந்தானையால் கட்டியிருந்தாளாம். கட்டு இருந்தது. பிள்ளை இல்லை.

காரிநங்கை முடிச்சில் கை வைத்ததும் வேம்பி சுருண்டுகொண்டாள்.

"தொடாதீங்க! இதை அவிழ்த்தா அவன் போயிடுவான்."

உடம்பு அனலாய்க் கொதித்தது. பல் கிட்டியது. ஈரத்தில் ஊறிய முடிச்சோ கல்லாய் இறுகியிருந்தது. காரிநங்கை இழுத்துப் பார்த்தாள். வேம்பி அவள் கையைக் கடித்துவிட்டாள்.

"அறுத்துவிடலாம் தாயே. இப்படியே விட்டால் இவளும் பிழைக்கமாட்டாள்" என்று கத்தியை எடுத்தாள் காரிநங்கை.

குரத்தியார் கத்தியை வாங்கித் தூர வைத்தார். வேம்பியின் அருகே தரையில் அமர்ந்தார்.

"பிள்ளை பேர் என்ன?"

வேம்பி முடிச்சை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"கொற்றன்."

"கனமான பிள்ளையா?"

"தூக்கினா இடுப்பு ஒடியும்."

"அத்தனை கனத்தை எப்படிக் கட்டினாய்? எனக்குக் காட்டு."

வேம்பியின் விரல்கள் இடுப்புக்குப் போயின. "இப்படிச் சுத்தி... இந்த நுனியை உள்ளே விட்டு..." சொல்லிக்கொண்டே நுனியை நெம்பினாள். நகம் பிய்ந்தது. அவள் நிறுத்தவில்லை. "அப்புறம் இதுக்கு மேலே ஒண்ணு..."

முடிச்சு நெகிழ்ந்தது. முந்தானை மடியில் சரிந்தது.

வேம்பி வெறும் துணியைப் பார்த்தாள்.

"நான் சரியா முடிச்சுப் போடலையா தாயே?"

"நன்றாகத்தான் முடிந்திருக்கிறாய், மகளே. வெள்ளம் பெரிது."

அப்போதுதான் அவள் அழுதாள். கரையேறிய பிறகு அதுவரை அழாதவள், பள்ளி முழுதும் கேட்க அழுதாள். அழுது ஓய்ந்ததும் தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஈரச் சேலையைக் களைந்தாள்.

உலர்ந்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு காரிநங்கை அசையாமல் நின்றிருந்தாள்.

"தாயே, அவிழ் என்ற சொல்லுக்கு எது முதல் என்று..."

"முதலில் அந்தச் சேலையைக் கொடு" என்றார் குரத்தியார். "குளிரில் நிற்கிறாள்."