முள்ளம்பன்றி மூடிய குழி

ஒரு காட்டில், பிள்ளைகளே, குளம் வற்றிச் சேறாகி, அந்தச் சேறும் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

அங்கே ஒரு முள்ளம்பன்றி இருந்தது. மகா பக்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் விலங்குகள் எல்லாம் வாகை மரத்தடியில் கூடும். கர்த்தர் ஆறே நாளில் உலகத்தைப் படைத்த கதையை முள்ளம்பன்றி சொல்லும். ஒரு சொல் பிசகாது. நடுவில் யாராவது இருமினால்கூட அதற்குப் பிடிக்காது.

குழி தோண்டுவதிலும் அதை மிஞ்ச ஆள் இல்லை. "நீதான் எங்களுக்குத் தண்ணீர் பார்த்துத் தர வேண்டும்" என்று யானை கேட்டுக்கொண்டது. முள்ளம்பன்றி மேட்டு நிலத்தில் தோண்டத் தொடங்கியது.

ஆழத்தில் ஏதோ நகத்தில் தட்டியது. எடுத்துப் பார்த்தால், கல்லாய்ப் போன ஒரு சிப்பி! உடனே காகம் பறந்து வந்து அதைக் கொத்திப் பார்த்தது. எதையும் கொத்திப் பார்க்காவிட்டால் காகத்துக்குத் தூக்கம் வராது.

"அண்ணே, இது கடல் சிப்பி! கடற்கரையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்திருக்கிறது. சிப்பி கல்லாவதற்கு எத்தனை யுகம் ஆகியிருக்குமோ! நிறுத்தாதீர்கள், தோண்டுங்கள். கீழே மணல் இருக்கும். மணலில் தண்ணீர் தங்கியிருக்கும்."

முள்ளம்பன்றி தோண்டுவதை நிறுத்திவிட்டது. அது சொல்லும் கதையில் இந்தக் கடல் இல்லையே? யுகம் யுகமாக என்றால் ஆறு நாள் என்ன ஆவது? ஞாயிற்றுக்கிழமை யாராவது கேட்டுவிட்டால்? கர்த்தரே பொய்யாகிவிடுவாரோ என்று அதன் முட்களெல்லாம் சிலிர்த்துக்கொண்டன.

மளமளவென்று குழியை மூடிவிட்டு ஓடிப்போய்ச் சொன்னது: "கீழே வெறும் பாறைதான். இந்தக் காகத்தின் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். கர்த்தரே இல்லை என்கிறது!"

விலங்குகள் காகத்தைத் துரத்தியடித்தன.

அன்று முதல் முள்ளம்பன்றிக்கு இருப்புக்கொள்ளவில்லை. படுத்தால் எழுந்தது. எழுந்தால் குழியைச் சுற்றிச் சுற்றி வந்து, மூடிய மண்ணை இன்னும் மிதித்து இறுக்கியது. ஜெபிக்க உட்கார்ந்தாலும் சிப்பிதான் கண்முன் நின்றது. "உமக்காகத்தானே செய்தேன், ஆண்டவரே" என்றது. அப்போதும் மனம் அடங்கவில்லை.

ஞாயிறு வந்தது. வாகை மரத்தடியில் ஒரு மான்குட்டி நாக்கு வறண்டு, கண் செருகிக் கிடந்தது.

"அண்ணே, இன்றைக்குக் கதை வேண்டாம்" என்று தாய் மான் அழுதது. "தண்ணீருக்காக ஜெபம் பண்ணுங்கள். நீங்கள் கேட்டால் கர்த்தர் தருவார்."

"ஆண்டவரே, தண்ணீர்..." என்று தொடங்கிய முள்ளம்பன்றிக்கு அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை. அவர் தந்ததை மூடி வைத்துவிட்டு, எந்த முகத்தோடு மறுபடியும் கேட்பது?

"நான் பொய் சொல்லிவிட்டேன்! அங்கே பாறை இல்லை!" என்று கதறிக்கொண்டே மேட்டுக்கு ஓடியது.

மண் பறந்தது. சிப்பிகள் கொத்துக் கொத்தாக வெளியே வந்து விழுந்தன. அவற்றுக்குக் கீழே மணல். மணலுக்குள் தண்ணீர் ஊறி நின்றது. யானை துதிக்கையால் உறிஞ்சிக் குட்டியின் வாயில் விட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குட்டி ஒரு மடக்கு விழுங்கியது.

தூரத்து மரத்திலிருந்து காகம் கத்தியது: "கர்த்தர் இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? கடல் இருந்தது என்றுதானே சொன்னேன்! அந்தக் கடலையும் அவர்தானே படைத்திருப்பார்?"

"என்னை மன்னித்துவிடு, தம்பி" என்றது முள்ளம்பன்றி. அதற்குத் தலையைத் தூக்கவே வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அது சிப்பியை முன்னால் வைத்துக்கொண்டு கதை சொன்னது. "அந்த ஆறு நாளில் ஒரு நாள் எவ்வளவு நீளம்?" என்று மான்குட்டி குறுக்கே புகுந்து கேட்டது.

"எனக்குத் தெரியாது" என்றது முள்ளம்பன்றி. "வா, இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்."

நீதி: உண்மையை மறைத்துக் கடவுளைக் காப்பாற்ற நினைப்பதே அவநம்பிக்கை.