முட்டையை அவிக்கப் பார்த்த தீர்ப்பு

பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில், குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் கம்பரேட்டர் என்ற குட்டி மின்பாகம் ஒன்று குடியிருந்தது. இரண்டு வோல்டேஜ்கள் எதிரே வந்து நின்றால் எது உயரம் என்று சொல்வதுதான் அதன் உத்தியோகம். சூட்டைச் சொல்லும் வோல்டேஜ், எல்லையைச் சொல்லும் வோல்டேஜைத் தாண்டினால் கம்பரேட்டர் "போதும்" என்று குரல் கொடுக்கும். ஹீட்டர் அணைந்துவிடும்.

ஒருநாள் கம்பரேட்டருக்குச் சோறு போட்ட பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் கெட்டுப்போனது. பண்ணைக்கார ராசு, எல்லாம் கரண்டுதானே என்று செல்போன் சார்ஜரைச் செருகிவிட்டார். கிடைத்தது ஐந்தே வோல்ட். பாவம், அரை வயிற்றோடு மூன்றரை வோல்ட்டுக்கு மேல் அதனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சூட்டையும் எல்லையையும் சொல்லும் அந்த இரண்டு வோல்டேஜ்களுக்கும் தனிச் சமையல், வேறொரு அடாப்டரிலிருந்து. வழக்கம்போல் நாலு வோல்ட்டுக்கு மேலேயே நின்றன.

முடியுமா என்று ஹீட்டர் சந்தேகமாகக் கேட்டது. கம்பரேட்டருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"முப்பது வோல்ட் வந்தாலும் தாங்குவேன். நாலெல்லாம் எனக்குப் பிசாத்து."

சொன்னது பொய்யில்லை. புகையவில்லை, கருகவில்லை. ஆனால் அந்த இரண்டு வோல்டேஜ்களின் தலைகள் அதன் கண்ணுக்கு எட்டவில்லை. குத்துமதிப்பாக "இன்னும் சூடேறவில்லை" என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது.

ராசுவின் மனைவி தெய்வாத்தாள் மூடியைத் திறந்து முட்டையைத் தொட்டாள். விரலை உதறிக்கொண்டாள்.

"ஏனுங்க, குஞ்சு பொரிக்கச் சொன்னா இது முட்டை அவிக்குதுங்க."

ராசு துண்டை எடுத்து விசிற ஓடிவந்தார். உள்ளே ஓட்டுக்குள் இருந்த உயிர்கள் இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

வோல்டேஜை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர்கள் சில பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தன; அவற்றுக்குப் பொறுக்கவில்லை. அவற்றில் மூத்தது கேட்டது.

"அண்ணே, தாங்குறீங்க, சரி. தெரியுதா?"

கம்பரேட்டர் மென்று விழுங்கியது. கடைசியில் "தெரியலை" என்றது.

இதைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று ரெசிஸ்டர்கள் சிரித்தன. உடனே குறுக்கே நின்று இரண்டு வோல்டேஜ்களையும் ஒரே அளவாய்ப் பாதிக்குக் குனிய வைத்தன. உயரமானது குனிந்தும் உயரமாகத்தான் இருந்தது. இப்போது கம்பரேட்டருக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"போதும்."

ஹீட்டர் அப்பாடா என்று அணைந்தது.

சில நாளில் பெட்டி முழுக்கக் கீச்சுக் கீச்சு. கம்பரேட்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாத்தியா, அன்னிக்கு எப்படித் தாங்கினேன்?"

"தாங்குனது முட்டைங்க, அண்ணே" என்றது ரெசிஸ்டர்.